மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடையில் இருந்த காலத்தில் துண்டுச் சீட்டில் நிறத்தின் பெயரை எழுதி நூல்கண்டில் ஒட்டியதுதான் நான் அதிகம் எழுதிய எழுத்து. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்னால் நடந்தது மறந்துபோகிறது, பிறகு வேறு இடத்தில் ஞாபகம் வருகிறது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் தங்களுக்குள் திருத்திக்கொண்டு போங்கள். போன மழைக்காலத்தில் என் பேத்தி பிறந்த வாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் பேசவே மாட்டேன்.

முதலில் என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ரங்கூனில் எங்கள் வீடு தாமுவேயில், மூன்றாம் மாடி. பக்கத்து மார்க்கெட்டில் ஒரு தையல் சாமான் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றேன். நூல், லைனிங் துணி, பித்தான், ஜிப் விற்கிற கடை. கடைக்காரரை பாய் என்று கூப்பிடுவோம். அவர் முன்னால் உட்கார்ந்து பேசுவார். நான் பின்னால் நின்று நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். பெண்கள் துணியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதற்கு ஒத்துப்போகிற நூலைக் கொடுக்க வேண்டும். பேச வேண்டியதே இல்லை, அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

நிறம் ஏமாற்றும் என்பது அங்கே தெரிந்துகொண்டது. ஒரு நூலைக் கரும்பச்சைத் துணிமேல் வைத்தால் வெளிறித் தெரியும். அதே நூலை வெள்ளைத் துணிமேல் வைத்தால் அழுக்காகத் தெரியும். நூல் மாறவில்லை, பக்கத்தில் இருப்பதுதான் மாறியிருக்கிறது. டியூப் லைட்டில் ஊதாவாக இருந்தது வாசல் வெளிச்சத்தில் நீலமாகிவிடும். சிவப்புத் துணியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால் வெறும் சுவரில் பச்சை மிதக்கும். அதனால் சிவப்புக்கு நூல் எடுத்தபிறகு கொஞ்ச நேரம் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாய், "என்னம்மா, சுவத்துல சினிமா ஓடுதா?" என்று கேலி செய்வார்.

புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற வெள்ளை அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு வைத்திருந்தேன். ஒரு ஓட்டைக்குக் கீழே துணி, இன்னொன்றுக்குக் கீழே நூல். சுற்றியிருப்பது எல்லாம் மறைந்து இரண்டு வட்டம் மட்டும் தெரியும். அப்போது பொய் இருக்காது. அட்டை வைத்துப் பார்த்து நான் கொடுத்த நூல் திரும்பி வந்ததாக ஞாபகம் இல்லை. கண்ணை மட்டும் நம்பிக் கொடுத்தது திரும்பி வந்திருக்கிறது.

இனி பேத்தி பிறந்த கதை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், எங்கள் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகளைப் பார்த்துக்கொள்ள, ரங்கூனுக்கு வெளியே மாவ்பியிலிருந்து அவளுடைய அம்மா வந்திருந்தார். சம்பந்தியம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். தோட்டம் துரவு வைத்து நடத்துகிறவர், ஐந்து பெற்று ஐந்தையும் வளர்த்தவர். குரல் கீழ் மாடி வரை கேட்கும். வரும்போதே ஒரு கூடை பச்சை மஞ்சள் கிழங்கு தோண்டிக் கொண்டுவந்திருந்தார், மண் காயவில்லை.

பிள்ளை பெற்ற உடம்புக்கு மஞ்சள் பூசுவது நம் வழக்கம், பர்மாக்காரர்களும் பூசுவார்கள். சம்பந்தியம்மா தினமும் அரைத்து மகளுக்குத் தலையிலிருந்து கால் வரை பூசினார்.

"காட்டு, நல்லா தேய்ச்சுப் பூசறேன். பச்ச உடம்புல காத்து ஏறுச்சுன்னா நாளைக்கு முட்டி வலிக்குது இடுப்பு வலிக்குதுன்னு உம் புருசங்கிட்ட அழுவ."

குழந்தைக்கும் எண்ணெயில் கொஞ்சம் மஞ்சள் கலந்து தேய்த்துக் குளிப்பாட்டினார். சுற்றுகிற பழைய வேட்டித் துணியைக்கூட மஞ்சள் தண்ணீரில் முக்கி உலர்த்தினார், காத்துகறுப்பு அண்டாது என்று. படுக்கிற பாய், தலையணை உறை, மருமகளின் கை, எல்லாம் மஞ்சள்.

மழை விடாமல் பெய்தது. அறையின் ஜன்னல் கதவு ஒன்று உடைந்திருந்ததால் என் மகன் வெளியே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தான். பகலில் முக்கால்வாசி நேரம் கரண்டு கிடையாது. தார்ப்பாய் வழியாக வருகிற வெளிச்சத்தில் அறைக்குள் நுழைந்தால் தண்ணீருக்குள் இறங்கியது மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும், அப்புறம் அது நீலம் என்பதே மறந்துபோகும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தை நல்ல வெள்ளை என்றார்கள். எதிர் வீட்டுப் பர்மாக்காரம்மா, "பியூதே, பியூதே" என்று இரண்டு தரம் சொன்னார். வெள்ளையாக இருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லாரும் கறுப்பு. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மருமகள் குளிக்கப் போகும்போது குழந்தையை என் மடியில் வைத்தாள். நான் வெள்ளைப் பருத்திப் புடவை கட்டியிருந்தேன். அறையில் இல்லை, முன்பக்கக் கூடத்தில் இருந்தேன். குனிந்து பார்த்தபோது குழந்தை மஞ்சளாக இருந்தாள். சாதாரணமாக இல்லை. ஊறவைத்த கடலைப்பருப்பை இரண்டாகப் பிளந்தால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம்.

மருமகள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய் அறையில் தன் பக்கத்தில் படுக்கவைத்தாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். குழந்தை வெள்ளையாக இருந்தாள். அம்மாவின் மஞ்சள் கைக்குப் பக்கத்தில் பால் மாதிரி இருந்தாள்.

என் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். எனக்குப் புரை விழுந்திருக்கிறது. புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். புடவையைப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அது வெள்ளை என்று எனக்கு முன்னமே தெரியும். தெரிந்ததைக் கண் அப்படியே காட்டுகிறதா என்று யோசித்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் மாடிக்குக் கீழே ஒரு வீட்டில் முப்பது வயதான ஒருவன் இருக்கிறான். கழுத்து நிற்காது, காது கேட்காது, கை கால் முறுக்கிக்கொண்டே இருக்கும். அவன் அம்மாதான் இன்னும் ஊட்டிவிடுகிறாள். பிறந்த வாரத்தில் மஞ்சள்காமாலை வந்து மூளைக்கு ஏறிவிட்டது என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். "ரெண்டு நாள் முந்திப் பாத்திருந்தா சரியாப் போயிருக்கும்னாங்க அக்கா" என்று, ஊட்டிக்கொண்டே சொன்னாள். படி இறங்கும்போதெல்லாம் அவன் குரல் கேட்கும்.

சம்பந்தியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"புள்ள கொஞ்சம் மஞ்சளா இருக்கிற மாதிரி இல்ல?"

"மஞ்ச பூசினா மஞ்சளா இல்லாம பச்சையாவா இருக்கும் சம்பந்தி?" என்று சிரித்தார். "அப்படியே இருந்தாலும் எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான். என் மூத்தவனுக்கு வந்துச்சு. இளவெயில்ல காட்டினா ஓடிப்போயிரும்."

வெயில் எங்கே இருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மகன் வேலையிலிருந்து வந்ததும் அடுப்படியில் வைத்து அவனிடம் சொன்னேன். மடியில் மஞ்சள், படுக்கையில் வெள்ளை என்று நான் சொன்னது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது போலும். போனைத் தேடி ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது, ஓரத்தில் ஒரு உருளை நின்றது, அதன் நிழல் பலகைமேல் விழுந்திருந்தது. வெயிலில் இருக்கிற ஒரு கறுத்த கட்டத்தையும் நிழலுக்குள் இருக்கிற ஒரு வெளுத்த கட்டத்தையும் தொட்டுக் காட்டினான்.

"இது ரெண்டும் எப்படி இருக்கு சொல்லு."

"இது கறுப்பு, அது வெளுப்பு."

"ரெண்டும் ஒரே நிறம்மா."

"போடா."

"சத்தியமா. நிழலுக்குள்ள இருக்குன்னு நெனச்சுக்கிட்டு உங் கண்ணு அதை வெளுப்பாக் காட்டுது. முப்பது வருசம் நூல் பாத்த கண்ணு, ஒரு படத்துக்கிட்ட தோத்துப்போச்சே. பாப்பாவும் அப்படித்தான். யாபாதே, யாபாதே, ஒண்ணும் ஆகாது."

பர்மாவில் யாபாதே என்றால் பரவாயில்லை, விடு என்று அர்த்தம். அவன் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவன் இல்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தான். யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும் என்றிருந்தான், யாரும் சொல்லாததால் அவனே சொல்லிக்கொண்டான்.

எனக்கு அந்தப் படத்தை நம்ப முடியவில்லை. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் இரண்டு ஓட்டை போட்டு, போன்மேல் வைத்தேன். ஓட்டைக்குள் இரண்டு கட்டமும் ஒரே சாம்பல். தாளை எடுத்தால் ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. மறுபடி வைத்தால் ஒரே சாம்பல். என் மகன்கூட வாய் பிளந்து பார்த்தான்.

அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் குழந்தையின் காலில் வைத்தால் தெரிந்துவிடும். ஓட்டைக்குள் அம்மாவின் கை தெரியாது, மஞ்சள் துணி தெரியாது. குழந்தை மட்டும்தான் தெரியும்.

நான் வைக்கவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சம்பந்தியம்மா குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் தாளும் கையுமாகப் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, வைத்துப் பார்த்தால் அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது. அட்டை பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே பயந்தேன்.

அதற்குப் பிறகு குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். சம்பந்தியம்மா, "சமத்துப் புள்ள, அழுவறதே இல்ல" என்றார். நான் சாமான் வாங்கப் படி இறங்கிப் போகும்போது கீழ் வீட்டுக்காரன் குரல் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

சனிக்கிழமை காலையில் குழந்தை பாலுக்கு எழுந்திருக்கவில்லை. மருமகள் உள்ளங்காலைச் சுண்டினாள், காதைத் தடவினாள், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். வாயில் வைத்தால் இரண்டு தரம் சப்பிவிட்டு விட்டுவிட்டாள். அழுகைகூட மெல்லிசாக, வேறு மாதிரி இருந்தது.

"அத்தை, ஒரு மாதிரி இருக்கா பாருங்க" என்று மருமகள் என்னைத்தான் கூப்பிட்டாள், தன் அம்மாவை இல்லை.

நான் போய் உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்து தாளை எடுத்தேன். மகனைப் பார்த்து, "அந்தத் தார்ப்பாயைக் கழட்டு" என்றேன்.

"மழை பெய்யுதும்மா."

"கழட்டு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் கயிற்றை அறுத்தான். தார்ப்பாய் விழுந்ததும் வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்தது, கூடவே சாரல். சம்பந்தியம்மா குழந்தையைத் தன் முந்தானையால் மூடினார்.

"பச்சப் புள்ளமேல சாரல் அடிக்குது, என்ன செய்யிறீங்க ரெண்டு பேரும்? புத்தி கெட்டுப்போச்சா?"

நான் முந்தானையை விலக்கி உள்ளங்காலில் தாளை வைத்தேன். வெள்ளைத் தாளின் ஓட்டைக்குள் கால் மஞ்சளாகத் தெரிந்தது. மகன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மஞ்சத் தண்ணி ஊத்தினா உள்ளங்காலும் மஞ்சளாத்தான் இருக்கும்" என்றார் சம்பந்தியம்மா. "உங்களுக்கு நூல் தெரியும் சம்பந்தி. எனக்குப் புள்ள தெரியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மேலே பூசிய மஞ்சளா, உள்ளே இருக்கிற மஞ்சளா என்று தாள் சொல்லாது. என்ன செய்வதென்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு வெள்ளைத் துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுக் காலைத் துடைத்தேன். துணியில் மஞ்சள் ஒட்டியது. சம்பந்தியம்மா, "பாத்தீங்களா" என்றார். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் மறுபடி துடைத்தேன். கொஞ்சமாக ஒட்டியது. மூன்றாம் தரம், நாலாம் தரம். ஐந்தாம் தரம் துணி வெள்ளையாகவே வந்தது. தாளை வைத்தேன். கால் அதே மஞ்சள். துளிகூடக் குறையவில்லை.

துணியை எடுத்து சம்பந்தியம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் துணியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எழுந்து போய்க் கொடியிலிருந்து உலர்ந்த துணி எடுத்து வந்து குழந்தையைச் சுற்றினார். அவர் எடுத்துவந்தது மஞ்சளில் முக்காத வெள்ளைத் துணி. அதில் வைத்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்ஸி கிடைக்க நேரமானது. தெருவில் முழங்கால் தண்ணீர். வழியில் ஓரிடத்தில் பட்டாளத்துக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கண்டதும் போகச் சொன்னார். நான் மூச்சு வருகிறதா என்று குழந்தையின் மூக்கருகில் விரலை வைத்தபடியே இருந்தேன். அந்த விரலை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் ஒரு நொடி வெளுத்துத் தெரியும் அல்லவா, அந்த வெளுப்பே மஞ்சளாக இருந்தது. மார்பில் அழுத்தினார், தொடையில், காலில். எல்லா இடத்திலும் அதே. "யார் இதுக்கு நனுவின் பூசினது?" என்று பர்மாவில் கேட்டார். நனுவின் என்றால் மஞ்சள். சம்பந்தியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் இளம் பெண். ரத்தம் எடுத்துப் போனார்கள். மூளைக்கு ஏறுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம், குறையாவிட்டால் ரத்தம் மாற்ற வேண்டிவரும் என்றார். பிறகு கேட்டார்:

"எப்போதிலிருந்து மஞ்சளா இருக்கு? முதல்ல யார் பாத்தது?"

மகன் என்னைப் பார்த்தான். "இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "நேத்தே கொண்டுவந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

குழந்தையின் துணியைக் கழற்றி, கண்ணைக் கட்டி, ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேலே நீல விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சம் பட்டதும் குழந்தையிடம் இருந்த நிறமெல்லாம் போய்விட்டது. சாம்பலும் ஊதாவும் கலந்த மாதிரி ஆகிவிட்டாள். இறந்த உடம்பு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம்தான். விளக்கினால்தான் அப்படி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மருமகள், "அத்தை, கொஞ்சம் உக்காருங்க" என்று தோளைத் தொட்டாள். திரும்பினேன். அவள் முகம் மஞ்சளாக இருந்தது. பின்னால் நின்ற மகனும் மஞ்சள். நர்ஸம்மாவின் வெள்ளைச் சட்டை, சுவர், கட்டில் விரிப்பு, என் கை, எல்லாம் மஞ்சள். எங்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஒரு நாள் பேசாமல் இருந்ததற்கு எல்லாரையும் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பைத்தியம் மாதிரி மருமகளின் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். அவள் பயந்துபோய், "அத்தை, அத்தை" என்றாள்.

நர்ஸம்மா என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். "அப்வா, அந்த விளக்கை ரொம்ப நேரம் பாத்தா எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும். எங்களுக்கும் தெரியும். கண்ணை மூடிக்க" என்றார். அப்வா என்றால் பாட்டி. கண்ணை மூடினேன். சிவப்பைப் பார்த்த கண்ணுக்குச் சுவரில் பச்சை மிதப்பது மாதிரி, நீலத்தைப் பார்த்த கண்ணுக்கு மஞ்சள். முப்பது வருஷம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

பாலுக்காகக் குழந்தையை வெளியே எடுத்தபோதெல்லாம் நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குறைந்திருக்கிறதா என்று என் கண்ணிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. ரத்தம் எடுத்துப் போய் அவர்கள் வந்து சொல்லும் வரை காத்திருந்தேன். முதல் தரம் அப்படியே இருக்கிறது என்றார்கள். இரண்டாம் தரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார்கள். அப்போது சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அவர் சத்தமில்லாமல் ஒன்று செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் சம்பந்தி" என்றார். நான் எப்போது சொன்னேன் என்று அவர் நினைக்கிறாரோ, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ரத்தம் மாற்றவில்லை. மீதிக் கிழங்கை யாரும் தொடவில்லை, கூடையிலேயே முளைவிட்டது.

குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். காதுப் பரிசோதனையில் நன்றாகக் கேட்கிறது என்றார்கள். ஆனால் உட்காரும் வரை, நடக்கும் வரை பார்க்க வேண்டும், மூளையில் கொஞ்சமாவது பட்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும் என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். கழுத்து நிற்கத் தாமதமானது. ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொரு மாதிரி என்று மருமகள் சொல்கிறாள். குழந்தை கையை முறுக்கினால் நான் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன். சோம்பல் முறிக்கிறாள் என்று அவர்கள் சிரிக்கிறார்கள்.

அடுத்த மாதம் மறுபடி கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தத் தடவை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். அவர் எழுதி வைத்திருப்பது தப்பு, நான் சொன்ன பொய், குழந்தை அதற்கு முன்னாலேயே மஞ்சள். ஆனால் எத்தனை நாள் முன்னால் என்று கேட்பாரே.

மகன் எனக்கு அந்தக் கட்டப் படத்தைக் காட்டியது வெள்ளிக்கிழமை என்று நினைத்தால், நான் தாளை இடுப்பில் வைத்துக்கொண்டு இருந்தது ஒரு ராத்திரி. வியாழக்கிழமை என்றால் ஒரு முழுப் பகலும் இரண்டு ராத்திரியும். அன்றைக்கு மருமகளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்திருந்தது என்று ஞாபகம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் கிடையாது, அப்படியானால் வியாழன்தான். ஆனால் சமைத்தது சம்பந்தியம்மா, அவர் வெள்ளி செவ்வாய் பார்க்கிறவர் இல்லை. என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மகனிடம் கேட்டால், "எப்பவோ, விடும்மா" என்பான். அவன் அந்தப் படத்தைப் பார்த்த நாள் போனிலேயே இருக்கும் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் தேடத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் யாராவது அவனிடம் போனை வாங்கிப் பார்த்து, அது எந்தக் கிழமை என்று எனக்குச் சொல்ல வேண்டும். வியாழன் என்றாலும் வியாழன் என்றே சொல்லுங்கள்.